நடுப்பிடி

தேவசகாயம் டாக்டர் போனில் கேட்டது ஒரே கேள்வி. திலகவதி சொன்னதும் ஒரே சொல்தான். "ஆமாம் சார்."

"நெனச்சேன்," என்று பெருமூச்சு விட்டார் அவர். "சரி, எழுத்துல சாயங்காலத்துக்குள்ள அனுப்பிடுங்க. நான் இங்க ஆரம்பிச்சிடுறேன். வாரம் ஏறிக்கிட்டே போவுது. இனிமே தள்ளிப்போட்டா சட்டம் இடம் குடுக்காது."

போனை வைத்துவிட்டார். கடலூரில் அவருடைய பிரசவ ஆஸ்பத்திரியில் எதை ஆரம்பிப்பார் என்று திலகவதிக்குத் தெரியும். முதலில் ஒரு மாத்திரை. அதோடு கனிமொழியின் வயிற்றில் இருக்கும் ஐந்து மாதப் பிள்ளையின் கதை முடிய ஆரம்பிக்கும்.

சிதம்பரம் தெற்கு வீதியில், ஒரு மருந்துக் கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது திலகவதியின் லேப். சர்க்கரை, கொழுப்பு பார்க்கிற இடமில்லை. குரோமோசோம் பார்க்கிற இடம். இந்த ஊரில் இப்படி ஒரு லேப் இருப்பதே பாதிப் பேருக்குத் தெரியாது. தெரிந்து வருகிறவர்கள் சந்தோஷமாக வருவதில்லை.

கனிமொழியும் அப்படித்தான் வந்தாள், புருஷன் இளவரசுவோடு. கடலூர் சிங்காரத்தோப்புக்காரர்கள். அவன் விசைப்படகில் கடலுக்குப் போகிறவன். அவளுக்குச் சொந்தத் தாய்மாமன். "மாமா" என்று அவள் கூப்பிட்டது புருஷனை மட்டுமில்லை, அம்மாவின் தம்பியையும்தான். முதல் பிள்ளை முழங்கைக்குக் கீழே கையில்லாமல், உதடு பிளந்து பிறந்தது. சில நாள் மூச்சை இழுத்துப் பார்த்துவிட்டுப் போய்ச் சேர்ந்தது. அதன் ரத்தத்தைப் பரிசோதித்தபோதுதான் நோய்க்குப் பெயர் தெரிந்தது. இரண்டு பேருக்குள்ளும் ஒரே பழுது ஒளிந்திருக்கிறது, அடுத்த பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு வரலாம் என்று சொல்லி அனுப்பினார்கள். இந்தத் தடவை ஸ்கேனில் பிள்ளை முதுகைக் காட்டிக்கொண்டு கவிழ்ந்தே கிடந்தது. கை சரியாகத் தெரியவில்லை. பனிக்குட நீரை எடுத்து, அதில் மிதக்கும் பிள்ளையின் செல்களை வளர்த்துப் பார்த்துவிடலாம் என்று தேவசகாயம்தான் இங்கே அனுப்பினார்.

அன்றைக்கு இளவரசுதான் கேட்டான். "அதுல என்னாதான் மேடம் பாப்பீங்க?"

திலகவதி மேஜைக்கு இந்தப் பக்கம் வந்து இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்க வைத்தாள். அவன் கையை எடுத்து அவள் இடுப்பில் வைத்தாள், அவள் கையை எடுத்து அவன் இடுப்பில் வைத்தாள். ஒரு செல் இரண்டாகப் பிரிவதற்கு முன்னால், தன்னிடம் இருக்கும் ஒவ்வொரு குரோமோசோமுக்கும் ஒரு நகல் எடுத்துக்கொள்ளும். அசலும் நகலும் தனித்தனியாக அலையாது, இப்படி ஓரிடத்தில் ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு நிற்கும். அந்த இடத்துக்குப் பெயர் சென்ட்ரோமியர். பிரிகிற நேரத்தில் ரெண்டு பக்கத்திலிருந்தும் இழைகள் வந்து பற்றுவதும் அதே இடத்தைத்தான். எல்லாவற்றையும் பற்றியாயிற்று என்றான பிறகே பிடி விடும், அசல் ஒரு பக்கம் போகும், நகல் ஒரு பக்கம் போகும். பிடி முன்னாலேயே தளர்ந்துபோனால் பங்கு கோணலாகிவிடும். ஒரு செல்லுக்கு ஜாஸ்தி, ஒரு செல்லுக்குக் கம்மி. அந்தச் செல்கள் உருப்படாது. கை வளர வேண்டிய இடத்தில் கை வளராது.

"நடுப்பிடி," என்றான் இளவரசு. "அது எங்க புள்ளைக்கு இருக்குதா இல்லியான்னு பாப்பீங்க."

"அதேதான்," என்றாள் திலகவதி. பிறகு லேப்பிலும் அந்தச் சொல்லே நிலைத்துவிட்டது.

இன்றைக்கு, செவ்வாய்க்கிழமை காலையில், மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஒரு செல்லிலும் நடுப்பிடி இல்லை. அசலும் நகலும் சண்டைபோட்டுக்கொண்டவர்கள் மாதிரி விலகி நின்றன. அடுத்த செல்லிலும் அப்படி, அதற்கடுத்ததிலும் அப்படி. முதல் பிள்ளைக்கு வந்ததே இதற்கும் வந்துவிட்டது என்று முடிவு கட்டினாள். அந்த நேரம் பார்த்துத்தான் போன் அடித்தது. ஒரு மனுஷிக்கு வாய் இருக்கிறதே, அது கொஞ்ச நேரம் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை.

மத்தியானம் சாப்பிட்டேன் என்று பேர் பண்ணிவிட்டு வந்து, ரிப்போர்ட்டில் வைக்கப் படம் எடுக்க உட்கார்ந்தாள். நல்ல செல்லாக ஒன்றைத் தேடினாள். கம்ப்யூட்டர் திரையில் பெரிதாக வைத்துப் பார்த்தபோதுதான் உறுத்தியது.

இந்த நோயில் நடுப்பிடி விலகினாலும் குரோமோசோமின் உடம்பு நீளமாகத்தான் இருக்கும். அசலும் நகலும் ஜோடி பிரியாமல், ரயில் தண்டவாளம் போலப் பக்கத்தில் பக்கத்தில் ஓடும். இங்கே எல்லாம் குட்டை குட்டையாக, உப்பிப்போய், கையைக் காலை விரித்துக்கொண்டு கிடந்தன. காலையிலேயே இதைப் பார்த்திருக்க வேண்டும். ஆனால் அவள் காலையில் பார்க்கவில்லை, தேடினாள். முதல் பிள்ளையை மனதில் வைத்துக்கொண்டு தேடியவளுக்குத் தேடியது கிடைத்துவிட்டது.

குரோமோசோம் இப்படிக் குறுகிப்போக வேறொரு காரணமும் உண்டு. செல்கள் பிரியப்போகிற கட்டத்தில் அப்படியே நிறுத்திப் பார்ப்பதற்காக ஒரு மருந்து விடுவார்கள். அது இழைகளைச் சேரவிடாது. இழுக்க ஆளில்லாமல் குரோமோசோம்கள் பிடித்த பிடியோடு நிற்கும். இந்த லேப்பில் மருந்தைக் கொஞ்சம் தூக்கலாக விட்டு, அரை மணி நேரத்தில் வேலையை முடிப்பது வழக்கம். அதற்கு மேல் வைத்தால் சுருங்கும். இன்னும் வைத்தால் கடைசியில் நடுப்பிடியும் விட்டுப்போகும். பிள்ளைக்கு ஒரு கோளாறும் இல்லாமலேயே விட்டுப்போகும்.

"வினோதினி," என்று கூப்பிட்டாள்.

வினோதினி பாத்திரம் கழுவுகிற தொட்டியடியில் நின்றிருந்தாள். எம்.எஸ்ஸி. முடித்து இங்கே சேர்ந்த பெண். கை சுத்தம், வாய் கம்மி. இதுவரை அவள் வேலையில் ஒரு பிசகு வந்ததில்லை.

"வெள்ளிக்கிழமை கனிமொழி சாம்பிளுக்கு மருந்து எவ்ளோ நேரம் வச்ச?"

"எப்பவும் போலதான் மேடம். அரை மணி நேரம்."

திரும்பிப் பார்க்காமலேயே சொன்னாள். குழாயை நிறுத்தவும் இல்லை.

திலகவதி கொஞ்ச நேரம் அந்த முதுகையே பார்த்தாள். மேலே கேட்கவில்லை. கேட்டால் இவள் இன்னொரு தடவை அதையே சொல்லுவாள், அப்புறம் அந்தப் பொய்யை விட்டு இறங்கி வர இவளால் முடியாது. எழுந்து போய்க் குளிர்ப்பெட்டியைத் திறந்தாள். வெள்ளிக்கிழமை அதே நேரத்தில், அதே கையால், இன்னொரு சாம்பிளும் எடுக்கப்பட்டிருந்தது. குறிஞ்சிப்பாடியிலிருந்து வந்த ஒரு பெண்ணுடையது. வயது கூடிப்போய் உண்டான பிள்ளை என்பதால் பரிசோதனை. இவர்களுக்கும் அவர்களுக்கும் ஒட்டும் கிடையாது உறவும் கிடையாது.

"அது இன்னும் ஸ்லைடு போடல மேடம்," என்றாள் வினோதினி. இப்போது குழாயை நிறுத்தியிருந்தாள்.

"நான் போட்டுக்கிறேன்."

கண்ணாடித் துண்டில் துளி விட்டு, உலர்த்தி, மைக்ராஸ்கோப்பில் வைத்தாள் திலகவதி. சுவர்க் கடிகாரம் மூன்றரையைத் தாண்டிக்கொண்டிருந்தது. குனிந்து பார்த்தாள்.

குட்டை குட்டையாக, உப்பிப்போய், நடுப்பிடி விட்டுப்போன குரோமோசோம்கள்.

லட்சத்தில் ஒருவருக்குக்கூட வராத நோய், ஒரே வெள்ளிக்கிழமையில் இரண்டு குடும்பத்துக்கு வருமா? கோளாறு பிள்ளையிடம் இல்லை. இந்த மாடியில் இருக்கிறது.

"வினோதினி, இங்க வா. இதப் பாரு. பாத்துட்டுச் சொல்லு."

அவள் குனியவே இல்லை. நின்ற இடத்திலேயே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ராகு காலம் வந்திடுச்சு மேடம்."

"என்னாது?"

"கனிமொழியக்கா இங்க வந்தப்ப என் கையப் புடிச்சிக்கினு கேட்டாங்க. 'நீதான தங்கச்சி எம் புள்ளையோட அணுவ எடுக்கப் போற? ராகு காலத்துல மட்டும் கை வைக்காத. மொதப் புள்ளைக்கு ராகு காலத்துலதான் ஸ்கேன் எடுத்தாங்க'ன்னு. அழுதாங்க மேடம். சரிக்கான்னு சொல்லிட்டேன். வெள்ளிக்கிழமை பத்தரைக்குள்ள முடிச்சிடலாம்னுதான் மருந்து விட்டேன். கரண்டு போயி மெஷின் ஓடல, வர்றதுக்குள்ள பத்தரை ஆயிடுச்சு. சத்தியம் பண்ணாத கொறையா சொல்லிட்டமேன்னு பன்னண்டு வரைக்கும் வச்சிட்டேன். கொஞ்சம் சுருங்கும், அவ்ளோதான்னு நெனச்சேன். ரெண்டையும் ஒண்ணாதான் வச்சிருந்தேன்."

திலகவதிக்கு வந்த கோபத்துக்கு அந்தக் கடிகாரத்தைப் பிடுங்கித் தெருவில் எறிந்திருப்பாள். எறிய நேரமில்லை. போனை எடுத்தாள்.

தேவசகாயத்தின் போன் அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்து ஓய்ந்தது. ஆஸ்பத்திரி நம்பருக்குப் போட்டாள். எடுத்த பெண், "சார் ஆபரேஷன்ல இருக்காரு, யாரு பேசுறது?" என்றாள். சிதம்பரம் லேப், அவசரம், கனிமொழிங்கிற பேஷண்டுக்கு மாத்திரை குடுக்க வேணாம் என்றதற்கு, "அதெல்லாம் சார்தான் சொல்லணும் மேடம்," என்று அவள் சட்டம் பேசினாள். "அம்மா தாயே, வார்டுக்குப் போயாவது சொல்லும்மா!" என்று திலகவதி கத்தியபோது லைன் போய்விட்டது.

இளவரசுவின் நம்பர் இருந்தது. போட்டாள். மணி நாலேகாலைத் தொட்டிருந்தது. ஒவ்வொரு மணியோசைக்கும் அந்த மாத்திரை தொண்டைக்குள் இறங்குவது அவள் கண்ணுக்குத் தெரிந்தது.

"அலோ." இளவரசுதான் எடுத்தான்.

"இளவரசு, நான் சிதம்பரம் லேப் மேடம் பேசுறேன். மாத்திரை குடுத்தாங்களா?"

"மூணு மணிக்கே குடுத்துட்டாங்க மேடம்."

திலகவதி கடிகாரத்தைப் பார்த்தாள்.

"ஆனா இவ இன்னும் முழுங்கல. ராகு காலம் போவட்டும், நாலரைக்கு மேல போட்டுக்கிறேன்னு கையிலயே வச்சிக்கினு இருக்கா. நர்சம்மா ரெண்டு வாட்டி வந்து திட்டிட்டுப் போயிட்டாங்க."

"வேணாம்! முழுங்க வேணாம்னு சொல்லு! நாங்க பாத்ததுல தப்பு இருக்குது. மறுபடியும் பாக்கணும். அதக் கையிலேர்ந்து வாங்கு முதல்ல!"

அந்தப் பக்கம் அவன் என்ன சொன்னான், அவள் என்ன கேட்டாள் என்று புரியவில்லை. யாரோ அழுகிற சத்தம் மட்டும் வந்தது. திலகவதி போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கும் அழுகை வந்தது. வினோதினி பக்கத்தில் வந்து நின்றாள், தொடப் பயந்துகொண்டு.

தேவசகாயம் அப்புறம் கூப்பிட்டுக் காய்ச்சி எடுத்தார். "ஆமாம்னு சொன்னது நீங்கதானே? இப்ப இல்லங்கிறீங்க. நான் அந்தப் பொண்ணு மூஞ்சில எப்படி முழிக்கிறது?"

"இல்லன்னும் சொல்லல சார். தெரியாதுன்னு சொல்றேன். நாளைக்கு மத்தியானம் வரைக்கும் குடுங்க."

அதுதான் உண்மை. மாத்திரையை நிறுத்தியாயிற்று, ஆனால் பிள்ளைக்கு நோய் இல்லை என்று ஆகிவிடவில்லை. சுருங்கிப்போன குரோமோசோமை வைத்துக்கொண்டு உண்டு என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. நாலில் ஒரு பங்கு என்பது அப்படியேதான் நின்றது. எந்தச் சாம்பிளையும் இரண்டு குடுவைகளில் வளர்ப்பது வழக்கம், ஒன்று கெட்டால் ஒன்று இருக்கட்டுமே என்று. மிச்சமிருந்தது அந்த இரண்டாவது குடுவைதான். அதுவும் கெட்டால் மறுபடி வயிற்றில் ஊசி போட்டு நீர் எடுத்து வளர்க்க வாரக் கணக்கு இடம் கொடுக்காது.

புதன்கிழமை காலையில் திலகவதியே மருந்து விட்டாள். அலாரம் வைத்துக்கொண்டு குடுவைக்குப் பக்கத்திலேயே நின்றாள். வினோதினியை வீட்டுக்குப் போகச் சொல்லவில்லை, வேலை செய்யவும் சொல்லவில்லை. அவள் ஒரு மூலையில் நின்றபடி, கரண்டு போய்விடுமோ என்று விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கனிமொழியும் இளவரசுவும் பஸ் பிடித்து வந்து மாடிப்படிக்குப் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். வரச்சொல்லி யாரும் கூப்பிடவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு காத்திருக்க முடியாது என்று கனிமொழிதான் கிளம்பினாளாம். கதவு திறக்கும்போதெல்லாம் இரண்டு பேரும் எழுந்தார்கள், பிறகு உட்கார்ந்தார்கள்.

திலகவதி கண்ணாடித் துண்டை வைத்தாள். முதலில் கிடைத்த செல் உடைந்துபோன செல். அடுத்ததில் குரோமோசோம்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன, ஒன்றும் தெரியவில்லை. மெதுவாக நகர்த்தினாள். இந்தத் தடவை எதையும் தேடக்கூடாது, இருப்பதைப் பார்க்க வேண்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

ஒரு செல் விரிந்து கிடந்தது. நீள நீளமான குரோமோசோம்கள். ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அசலும் நகலும் சேர்ந்து நின்றன. நடுவில், சேர வேண்டிய இடத்தில், இறுக்கமாகச் சேர்ந்து நின்றன. அடுத்த செல்லுக்குப் போனாள். பிடி இருந்தது. அதற்கடுத்ததிலும் இருந்தது. நம்பிக்கை வரவில்லை. இன்னொரு துண்டைப் போட்டாள், அதையும் பார்த்தாள். கழுத்து வலித்தது, கண்ணில் நீர் வழிந்தது. ஒரு செல்கூடப் பிடியை விட்டிருக்கவில்லை.

கதவைத் திறந்து, "உள்ள வாங்க," என்றாள்.

திரையில் படத்தைப் பெரிதாக வைத்துக் காட்டினாள். கனிமொழி கிட்டே வந்து விரலால் தொடப்போனாள், பிறகு கையை இழுத்துக்கொண்டாள்.

"புடிச்சிக்கினு இருக்குதா மேடம்?"

"இருக்குது. எல்லாத்துலயும் இருக்குது. அந்த நோய் இந்தப் பிள்ளைக்கு இல்ல."

இளவரசு சுவரில் சாய்ந்து முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டான். கடலில் புயலைப் பார்த்தவன், சின்னப் பிள்ளை மாதிரித் தேம்பினான். கனிமொழி அழவில்லை. நேராக வினோதினியிடம் போய் அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"நீ சொன்ன சொல்லக் காப்பாத்துன தங்கச்சி. ராகு காலத்துல தொடல இல்ல? அதான் எம் புள்ள பொழச்சுது."

வினோதினி சும்மா இருந்திருக்கலாம். தலையை ஆட்டியிருந்தால் கும்பிட்டுவிட்டுப் போயிருப்பார்கள். ஆனால் நேற்று ஒரு பொய் சொன்னவளுக்கு இன்றைக்கு இன்னொன்று முடியவில்லை.

"இல்லக்கா. தொடாம வச்சிருந்ததாலதான் தப்பா வந்துச்சு. மருந்துல ஜாஸ்தி நேரம் ஊறிப்போச்சு. அதுலதான் பிடி விட்டுப்போச்சு. அதப் பாத்துட்டுத்தான் மாத்திரை குடுக்கச் சொன்னாங்க. எல்லாம் என்னாலக்கா."

கனிமொழியின் முகம் வெளுத்துப்போனது. பிடித்திருந்த கையை விட்டுவிட்டாள்.

"அப்ப நான் கேட்டதாலயா? நான் கேட்டதாலயா எம் புள்ள போவப் பாத்துது?"

"இல்ல கனிமொழி," என்றாள் திலகவதி. "நீ கேட்டது தப்பில்ல. இவ என்கிட்ட மறைச்சது தப்பு. அத விடப் பெரிய தப்பு என்னுது. இன்னொரு வாட்டி பாக்காம ஆமாம்னு வாயத் தொறந்தது நான்தான். என்ன மன்னிச்சிடு."

கனிமொழி அவளைப் பார்த்தாள். கோபமா, வேறேதாவதா என்று திலகவதிக்குப் பிடிபடவில்லை. கீழே மருந்துக் கடையில் யாரோ சில்லறைக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"ஆனாலும் ராகு காலம்தான் மேடம் காப்பாத்துச்சு," என்று இளவரசு முகத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னான். "அது மட்டும் இல்லன்னா மூணு மணிக்கே முழுங்கியிருப்பா."

"நீ சும்மா இரு மாமா," என்றாள் கனிமொழி. "ராகு காலமாம், ராகு காலம்."

அவன் விழித்தான்.

"முழுங்க மனசு வரல மேடம். கையில வாங்கினதும் வயித்துல அசையுது. டாக்டரு சொல்லிட்டாரு, படிச்சவுங்க பாத்துச் சொல்லிட்டாங்க, மாமாவும் காலப் புடிக்காத கொறையா கெஞ்சுது. எனக்கு மனசில்லன்னா யாரு கேப்பாங்க? ராகு காலம்னு சொன்னேன். அதுக்கு மட்டுந்தான் திட்டிட்டாவது எல்லாரும் விட்டுட்டாங்க. டாக்டரு வேதக்காரரு, சர்ச்சுக்குப் போறவரு, அவருகூட ஒண்ணும் சொல்லல."

"நாலரை ஆயிருந்தா என்னா பண்ணியிருப்ப?" என்று இளவரசு கேட்டான்.

கனிமொழி வயிற்றில் கை வைத்துக்கொண்டு நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தாள்.

"செவ்வாக்கெழம ஆவாதுன்னு சொல்லியிருப்பேன். மறுநாளு வேற எதுனா கெடைக்காமலா போயிருக்கும்?"